யார் வேண்டுமானாலும் திறக்கலாம்

பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பிஸ்கட்டவே என்ற அமெரிக்க ஊரில் இருந்த அந்த மருந்து ஆய்வகத்துக்குள் அதன் கம்ப்யூட்டர் நிர்வாகி வெங்கடகிருஷ்ணன் முனகிக்கொண்டே நுழைந்தார். முன்பு அது முதியோர் இல்லம். இறந்தவர்களைக் கிடத்திய அடித்தள அறைதான் இப்போது மருந்துகளை வைக்கும் குளிரறை. எத்தனை பெயின்ட் அடித்தும் ஃபினாயில் வாடை போகவில்லை.

கதவுகளைப் பூட்டித் திறக்கும் விண்டோஸ் சர்வீஸ், பின்னணியில் ஓடும் ஒரு புரோகிராம், அடிக்கடி படுத்துக்கொண்டது. அதை ரீஸ்டார்ட் பண்ண வரவேற்பு மேசையில் ஒரு பட்டன் வைத்தார்கள். அமுக்கினால் 'ஆக்சஸ் டினைட்', அனுமதி இல்லை என்றது. இந்தச் சுண்டைக்காய் வேலைக்கா என்னைக் கூப்பிடுவார்கள் என்று அவருக்கு எரிச்சல்.

"வெங்கட், அந்த டெஸ்க் அக்கவுன்ட்டுக்கு மட்டும் பெர்மிஷன் குடுத்தாப் போதுங்க," என்றாள் எழிலரசி, ஆய்வகத்தில் வேலை பார்க்கும் கோயம்புத்தூர்ப் பெண்.

"எனக்கே கிளாஸ் எடுக்கறியா? போய் வேலையப் பாரு."

அந்த மேதாவி, டெஸ்க் அக்கவுன்ட்டின் பெயரைத் தப்பாக அடித்துவிட்டு கம்ப்யூட்டரைத் திட்டினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பிறகு 'எவ்ரிஒன்' என்பதைத் தேர்ந்தெடுத்து முழு அனுமதியையும் கொடுத்தார். இனி யார் வேண்டுமானாலும் அதை நிறுத்தலாம், ஓட்டலாம், அனுமதிகளையே மாற்றலாம்.

சர்வீஸ் நின்றது. உடனே மறுபடி ஓடியது. அவர் சர்வர் அறையில் இருந்தபடியே எழிலரசிக்குப் போன் செய்தார்.

"பட்டன் வேலை செய்யுது பாத்தியா? இதுக்கு இவ்ளோ பில்டப்பு!"

"நான் பட்டனத் தொடவே இல்லைங்களே. கீழ கோல்டு ரூம்ல இருக்கேன். டெஸ்க்ல யாருமில்ல."

சர்வீஸ் மறுபடி நின்றது.

"வெங்கட், கதவு பூட்டிக்கிச்சுங்க!"

அவர் ஸ்டார்ட்டை அமுக்கினார். ஆக்சஸ் டினைட். அனுமதிகளைத் திறந்து பார்த்தார். அவருடைய பெயருக்கு மட்டும் யாரோ தடை போட்டிருந்தார்கள்.

"உள்பக்கம் ஹேண்டில் திரும்பல. குளுருது." பிறகு குரல் தாழ்ந்தது. "இங்க யாரோ மூச்சு விடறாங்க."

அடித்தளத்துக்கு ஓடினார். கதவை உதைத்தார். 911-ஐ அழைத்தார். பனியில் வண்டி வர நேரமாகும் என்றார்கள். உள்ளே அவள் தட்டும் சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது. என் திமிருக்கு இந்தப் பெண் சாவதா? யாரையும் ஒரு பொருட்டாக மதிக்காத மனிதர் கதவில் நெற்றியை வைத்தார்.

"தப்புதாங்க. அவள விட்டுடுங்க."

பிறகு விரல் மடக்கி மெதுவாகத் தட்டினார்.

"நான்... உள்ள வரலாமா?"

பூட்டு விலகியது.

எழிலரசி தரையில் சுருண்டு கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது, ஆனால் உயிர் இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினார். அந்த அவசரத்திலும், பிறந்ததிலிருந்து பழகிய வாய் தானாகச் சொன்னது:

"போயிட்டு வரேங்க."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பிணம் கிடந்த இடத்தில் யாரும் சொல்லக்கூடாத வார்த்தை.

பின்னால் கதவு மூடுமென்று காத்திருந்தார். அது மூடவில்லை. ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தே நின்றது.

இன்றுவரை அதை யாராலும் சாத்த முடியவில்லை.