பதில் சொல்லாத திரை

சென்னியப்பன் உதட்டை அசைத்தபோது நாய் வாலை ஆட்டியது. துளசிமணிக்கு ஒன்றும் கேட்கவில்லை.

பக்கவாதம் வந்ததில் கணவருக்குப் பேச்சு போய்விட்டது என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லியிருந்தார். அவளும் நம்பியிருந்தாள். ஆனால் நாய் செவலை வாசற்படியில் அவருக்கு முதுகைக் காட்டித்தான் படுத்திருந்தது. உதடு அசைந்தது அதற்கு எப்படித் தெரியும்? மறுபடி அவர் உதடு அசைந்தது. நாய் தலையைத் திருப்பிப் பார்த்து, மறுபடி வாலை ஆட்டியது.

சோமனூரில் செவிச்சில்லு இல்லாத உயிர் என்றால் நாயும் காக்கையும்தான். விசைத்தறி இரைச்சலில் ஊரே செவிடாகிக்கொண்டிருந்த காலத்தில் வந்தது அது. அரிசியளவு இருக்கும், காதுக்குப் பின்னால் எலும்பில் பதிப்பார்கள். அதன்பின் எந்தச் சத்தமும் அதன் வழியாகத்தான் உள்ளே வர முடியும். வேண்டியதை விடும், வேண்டாததை வாசலிலேயே நிறுத்தும். காது நன்றாகக் கேட்டவர்களும் நிம்மதிக்காகப் பதித்துக்கொண்டார்கள். அந்த டாக்டரும் அவர்களில் ஒருவர்.

எது பேச்சு, எது இரைச்சல் என்று பிரிப்பது சில்லின் வேலை. பாதி வாயில் குழறி வருவதைப் பேச்சுக் கணக்கில் அது சேர்க்கவில்லை போலிருக்கிறது. அவர் பேசிக்கொண்டேதான் இருக்கிறார் என்று புரிந்ததும் துளசிமணி கைப்பேசியை எடுத்துச் சில்லைப் பற்றித் தேடினாள்.

சில்லைச் செய்த நிறுவனம் எப்போதோ மூடிவிட்டது. நல்ல காலமாக, அதன் நிரலைப் பொதுவில் வைக்கும்படி நீதிமன்றம் சொல்லியிருந்தது. பயனர் குழுவில் விசாரித்தபோது நாகர்கோவிலிலிருந்து ஜெசிந்தா என்ற பெண் எழுதினாள்.

"நிரல நாமளே மாத்திக்கிடலாம்க்கா. மாத்துனத சில்லுக்குப் புரியுத மாதிரி ஆக்கதுக்கு ஒரு மென்பொருள் வேணும். தொகுப்பின்னு பேரு. லினக்ஸ் உள்ள லேப்டாப் இருக்கா?"

மகளுக்குப் பள்ளியில் கொடுத்தது பரணில் இருந்தது. மகள் பெங்களூரில் இருந்தாள்.

"நான் கம்ப்யூட்டர் படிச்சதில்லீங்க. தறி ஓட்டறவ."

"நான் மீன் விக்கவ. எழுத்து தெரியும்லா, போதும். ஆனா ஒண்ணு. கடைசில சில்லு நின்னு திரும்ப ஓடணும். ஓடாட்டி புதுசு போட கம்பெனி இல்ல. நல்லா யோசிச்சுக்கிடுங்க."

ஓடாவிட்டால் ஆயுள் முழுக்கச் செவிடு. ஓடினால் அவர் குரல். துளசிமணி கட்டிலைப் பார்த்தாள். அவர் விட்டத்தைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை தறிகள் நின்றிருந்தன. ரசஞ்சோறு ஊட்டிவிட்டு, கட்டிலருகே மடிக்கணினியை வைத்துக்கொண்டாள். திரையில் ஒரு பக்கம் ஜெசிந்தாவின் செய்திகள் வந்தன; அவள் சொன்னபடி இன்னொரு பக்கம் கட்டளை தட்டும் முனையத்தைத் திறந்தாள். கறுப்புத் திரை, ஓரத்தில் ஒரு சிறு கோடு கண்சிமிட்டியது. அவள் வீட்டு மின்விசிறிகூட 'வணக்கம்' சொல்லிவிட்டுத்தான் சுற்றும். இது வாயே திறக்கவில்லை.

ஜெசிந்தா அனுப்பிய முதல் கட்டளை 'சூடோ' என்று தொடங்கியது.

"அப்பிடின்னா என்னங்க?"

"வீட்டுக்காரி சொல்லுதேன், செய்யின்னு அர்த்தம்."

கடவுச்சொல் கேட்டது. மகளிடம் முன்பே கேட்டு வைத்திருந்தாள். ஒற்றை விரலால் தட்டினாள். திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"கீபோர்டு கெட்டுப்போச்சுங்க!"

"கெடல்ல. பக்கத்துல நிக்கவன் எண்ணிரக்கூடாதுன்னு மறைக்கும். தைரியமா தட்டிட்டு என்டர் போடுங்க."

போட்டாள். தொகுப்பி என்று எதுவும் கிடைக்கவில்லை என்றது கணினி.

"மென்பொருள் பட்டியலப் புதுப்பிச்சீங்களா? அதுகிட்ட இருக்கது உங்க மக படிச்ச காலத்துப் பட்டியல். முதல்ல அப்டேட். அப்புறம்தான் இன்ஸ்டால்."

அப்டேட் போட்டதும் வரிகள் அருவிபோலக் கொட்டின. பிறகு இன்ஸ்டால். ஒன்றைத்தானே கேட்டோம், பத்துப் பெயர் வருகிறதே என்று பயந்தாள்.

"கல்யாணத்துக்கு ஒருத்தரக் கூப்பிட்டா குடும்பத்தோட வருவாங்கல்லா, அது மாதிரி. ஆனா யாரையாவது வெளிய அனுப்பணும்னு கேக்குதான்னு மட்டும் படிங்க. வாசிக்காம சரின்னு 'ஒய்' தட்டக்கூடாது."

துளசிமணி ஒவ்வொரு வரியாக வாசித்தாள். யாரையும் வெளியேற்றவில்லை. 'ஒய்' தட்டினாள்.

தொகுப்பி வந்து சேர்ந்தது. சத்தத்தைப் பிரிக்கும் வடிகட்டியின் நிரலை அனுப்பி, அதில் ஜெசிந்தா ஒரு வரியைக் காட்டினாள். மனிதப் பேச்சு என்று நூற்றுக்குத் தொண்ணூறு உறுதியிருந்தால் மட்டும் உள்ளே விடு, என்றது அந்த வரி. ஊர் முழுக்க எத்தனை பேரை இந்த ஒற்றை எண் வாசலில் நிறுத்தியிருக்கும்? திக்குகிறவர்கள், பல் விழுந்தவர்கள், விசும்பிக்கொண்டே பேசுகிறவர்கள். தொண்ணூறை அழித்துவிட்டு முப்பது என்று எழுதினாள். தொகுக்கச் சொன்னாள்.

கோடு கீழே இறங்கிக் கண்சிமிட்டியது. அவ்வளவுதான்.

"ஒண்ணுமே சொல்லலீங்களே?"

"தப்புன்னாத்தான் அது வாயத் தொறக்கும். ஒண்ணும் சொல்லாட்டி எல்லாம் சரி."

"எங்கூட்டுல பேசாம இருந்தா சண்டைன்னு அர்த்தமுங்க."

கடைசிக் கட்டளையில் புதிய வடிகட்டி கம்பியில்லாமலே சில்லுக்குப் போனது. சில்லு அணைந்தது.

மனிதர்கள் இல்லாத அமைதி அவளுக்குப் பழக்கம்தான். இது உலகமே இல்லாத அமைதி. தன் மூச்சுகூடக் கேட்கவில்லை. செவலை வாயைத் திறந்து மூடியது, குரைக்கிறதோ என்னவோ. சென்னியப்பனின் இடது கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். சில்லு எழவில்லை. இன்னும் எழவில்லை. போச்சு, இருந்ததையும் கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தபோது மின்விசிறி கிறீச்சிட்டது.

அது கிறீச்சிடும் என்றே அவளுக்குத் தெரியாது. பிறகு பக்கத்து வீட்டுக் குக்கர், மெயின் ரோட்டில் பஸ் ஹாரன், யாரோ யாரையோ திட்டுவது. அத்தனைக்கும் அடியில் ஈரத்துணியைப் பிழிவது போல ஒரு குரல்.

"உப்... பில்ல."

துளசிமணி திரும்பினாள்.

"ரசத்துல... உப்... பில்ல."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. வந்து பார்த்துவிட்டுப் போன அத்தனை பேரிடமும் சொல்லியிருந்தாள்: அவரு சாமி மாதிரி ஆயிட்டாருங்க, எதைப் போட்டாலும் ஒரு குத்தம் சொல்றதில்லைங்க.

"எத்தன நாளா மாமா இதையே சொல்லீட்டு இருக்கறீங்?"

"தெனமும்." நாக்கு புரள அவர் திணறினார். "நாய்தான்... கேட்டுச்சு."

"உப்பக் கொறைக்கோணும்னு டாக்டர்தான சொன்னாரு? நானா வேணும்னு போடாம வுட்டேன்?"

"அந்த... டாக்டருக்கு... காதே கேக்காது."

"ஓ! இத்தன நாளு மனசுக்குள்ளயே வெச்சிருந்தீங்களா? உங்களுக்கு வாய் போனதுன்னு நான் கோயில் கோயிலா அலையறேன், நீங்க இங்க படுத்துட்டு ரசத்துக்குக் கணக்குப் பாக்கறீங்!"

"கொழம்பும்... வாய்க்கு ஆகல."

மடிக்கணினித் திரையில் நாகர்கோவிலிலிருந்து கேள்வி மேல் கேள்வி வந்துகொண்டிருந்தது. "என்னாச்சுக்கா?" "சில்லு எந்திரிச்சா?" "கேக்குதா?"

துளசிமணி அந்தப் பக்கமே திரும்பவில்லை. இடுப்பில் கைவைத்து, குழம்பு விஷயத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவரும் விடவில்லை. செவலை இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

திரையில் கேள்விகள் நின்றன. பிறகு ஒரு வரி வந்தது.

"சரிக்கா. நீங்க ஒண்ணும் சொல்லல. புரிஞ்சிட்டு."