காடிக்கடை வெளிச்சம்

"இன்னொரு ஆணி குடுங்கக்கா. சீக்கிரம்லா, இருட்டப் போவுது!"

ஏணி உச்சியில் நின்று கையை நீட்டினான் யோகேந்திரன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த புஷ்பவள்ளி, ஆணியை எடுத்துக் கொடுத்தாள். கறுப்புக் கான்வாஸின் ஒரு மூலை காற்றில் படபடத்து அவன் முகத்தில் அடித்தது. அதைப் பிடித்து இழுத்து, சன்னல் சட்டத்தோடு வைத்து அறைந்தான்.

கூடத்துச் சன்னல் முடிந்துவிட்டது. பக்கச் சன்னல் முடிந்துவிட்டது. பின்னால் இருக்கும் காற்றுத் துவாரம்தான் பாக்கி.

"அதையும் மூடிடுங்க தம்பி" என்றாள் புஷ்பவள்ளி. "ஒரு ஓட்ட விடாதீங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் புதிய கம்பங்கள் வரிசையாக நின்றன. போன வருடம் வரை அங்கே ரப்பர் மரங்கள். மந்தின் சாலையில் கார் விற்கும் காடிக்கடை, வியாபாரம் பெருத்து, மரங்களை வெட்டித் தார் போட்டு வீடுகளின் கொல்லை வரை வந்துவிட்டது. பகல் முழுக்க காடி கழுவும் பம்பின் இரைச்சல். பொழுது சாயும்போது அலாரம் சோதனை. கீங், கீங் என்று ஒவ்வொரு காடியாகக் கத்தும். முன்கடையிலிருந்து வரும் வெளிச்சமோ, கேட்கவே வேண்டாம். தாமான் குடியிருப்பில் எல்லாரும் சேர்ந்து நகராட்சி மஜ்லிஸில் புகார் கொடுத்தாயிற்று. யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

அதெல்லாம் யோகேந்திரனுக்குப் பழகிப்போன எரிச்சல். அவன் இன்று ஏணியில் ஏறியதற்குக் காரணம் வேறு.

புஷ்பவள்ளியின் கணவர் சன்னாசி, தோட்டத்தில் கூலியாட்களை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். நெஞ்சு நோக இருமி இருமி, இந்தக் கூடத்தில் படுத்தபடியேதான் செத்தார். தலை கிடந்த இடத்தில் காமாட்சி விளக்கை ஏற்றி, பதினாறு நாள் அணையாமல் காத்தார்கள். இந்தத் தோட்டத்துச் சனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கருமாதி அன்று பொழுது சாய்கையில், பெண்சாதி மட்டும் அந்த விளக்கைக் கொல்லைப்பக்கம் எடுத்துப் போவாள். திரியைப் பாலில் அமிழ்த்தி அணைப்பாள். அதை வேறு யாரும் பார்க்கக் கூடாது. வெளிச்சம் அணைந்தால்தான் போனவருக்குப் பாதை தெரியும். அணையாவிட்டால் வீட்டையே சுற்றிக்கொண்டிருப்பார்.

அன்று புஷ்பவள்ளி கொல்லைக்குப் போய்விட்டு, வெறும் பால் கிண்ணத்தோடு திரும்பி வந்தாள். வந்திருந்தவர்கள் தலை முழுகிவிட்டுக் கலைந்தார்கள்.

மறுநாள் அந்தி சாய்ந்ததும் அவள் கூடம் வெள்ளை வெளேரென்று எரிந்தது.

காடிக்கடை லைட்டுதான் என்றார்கள் எல்லாரும். வேலியோரம் நிறுத்தியிருந்த காடிகளின் கண்ணாடி பளபளத்தது. யோகேந்திரனும் உள்ளே போய்ப் பார்த்தான். சன்னாசி கிடந்த இடத்தில் ஊசி விழுந்தால் எடுக்கலாம், அவ்வளவு வெளிச்சம். ஆனால் சன்னல் கம்பிகளின் நிழல் மட்டும் தரையில் எங்கேயும் விழவில்லை. அப்போது அது அவனுக்கு உறைக்கவில்லை.

அன்று முதல், அவள் வீட்டுக்கும் அடுத்திருந்த யோகேந்திரன் வீட்டுக்கும் பொதுவான சுவருக்கு அப்பால் ஓர் இருமல்.

முதலில் கேட்டவள் அவன் மனைவி விமலா.

நிறைமாதம். முன்பு ஒரு குழந்தை தங்காமல் போய், இது இரண்டாவது. தூக்கமில்லாமல் இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, இப்படியே விட்டால் இதுவும் கையை விட்டுப் போகும் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கூடத்தை இருட்டாக்கினால்தான் சன்னாசி போவார். போனால்தான் விமலா தூங்குவாள். தூங்கினால்தான் பிள்ளை. யோகேந்திரனுக்குக் கணக்கு அவ்வளவுதான்.

"முடிஞ்சிச்சா இல்ல, இன்னும் அங்கேயே தொங்கிட்டு இருக்கீங்களா?" பக்கத்து வாசலில் இருந்து விமலாவின் குரல் வந்தது. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது. "சொந்த வீட்டுல ஒரு பல்பு மாத்தச் சொன்னா மாசக் கணக்காவுது. இங்க மட்டும் கொரங்கு மாதிரி ஏறுறாரு."

"ஒனக்காகத்தாண்டி ஏறுறேன்!"

புஷ்பவள்ளி சிரிக்கவில்லை. புருஷன் செத்த நாளிலிருந்து அவள் அழுதும் யாரும் பார்த்ததில்லை. கல்லில் மஞ்சள் பூசியதுபோல ஒரு முகம். அந்த முகம் இப்போது விமலாவின் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தது.

கடைசி ஆணி இறங்கியது. தூரத்துப் பள்ளிவாசலில் மக்ரிப் பாங்கு ஒலித்தது.

யோகேந்திரன் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தான்.

இருட்டு.

குப்பென்று எண்ணெயும் திரியும் கருகிய வாடை. ஆனால் இருட்டு. அவனுக்கு உடம்பெல்லாம் லேசானது.

"அக்கா, நான் ஒரு எட்டு காடிக்கடைக்குப் போய் மேனேஜரப் பாத்து, அந்த லைட்டத் திருப்பச் சொல்லிட்டு வந்துடறேன். விமலா தனியா இருக்கா. கொஞ்சம் பக்கத்துல இருங்களேன்."

"நான் தீட்டுக்காரி தம்பி. புள்ளத்தாச்சி வீட்டுல..."

"அதான் கருமாதி முடிஞ்சிருச்சே. நான்தானே கூப்புடறேன், வாங்க."

புஷ்பவள்ளி அவனை ஒரு கணம் பார்த்தாள்.

"நீங்க கூப்புட்டதா இருக்கட்டும்" என்றாள்.

காடிக்கடை வளாகத்துக்கு வேலியைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். முன்பக்கக் கடையில் விளக்கு எரிந்தது. பின்பக்கம், புதிய இடம் முழுக்க மங்கல். காவலுக்கு இருந்த ஜாகா ஒருவர் கதவைத் திறந்துவிட்டார். மேனேஜர் சித்திக் எதிரே வந்தார். சட்டையை வெளியே விட்டிருந்தார், முகத்தில் அசதி.

"பாய், ஒங்ககிட்ட ஒரு விசயம்..."

"அண்ணே, நானே ஒங்களத் தேடி வரணும்னு இருந்தேன்" என்று குறுக்கே விழுந்தார் சித்திக். "சாவு வீடாச்சேன்னு வாயத் தொறக்கல. அந்தம்மா வீட்டுல அப்படி என்னண்ணே லைட்டு போடுறாங்க? நேரா எங்க காடி மேல அடிக்குது. அடிச்ச ஒடனே அந்த வரிசை முழுக்க அலாரம் கத்துது. பேட்டரியக் கழட்டி வச்சிட்டோம். அப்பவும் கத்துது."

யோகேந்திரன் சிரிக்கப் பார்த்தான்.

"வெளையாடாதீங்க பாய். ஒங்க லைட்டுதான் அவங்க வீட்டுல அடிக்குது."

சித்திக் தலையை உயர்த்திக் காட்டினார்.

கம்பங்கள் வரிசையாக நின்றன. எதன் உச்சியிலும் விளக்கு இல்லை. வெறும் ஒயர் மட்டும் தொங்கிக் காற்றில் ஆடியது.

"நீங்கள்லாம் புகார் குடுத்ததுல லைட்டு மாட்டறதயே நிறுத்தி வச்சிருக்காங்கண்ணே. இங்க இன்னும் கரண்டே இழுக்கல."

யோகேந்திரன் மெல்லத் திரும்பினான்.

வேலிக்கு அப்பால் வரிசை வீடுகள். புஷ்பவள்ளியின் வீடு, அவன் அடித்த கான்வாஸோடு, ஒரு கறுப்புப் பெட்டிபோல இருந்தது. ஒரு கீற்று கசியவில்லை.

அதற்கு அடுத்த வீடு எரிந்தது.

சன்னல் வெள்ளை. கதவிடுக்கு வெள்ளை. கூரை ஓட்டுச் சந்துகள் எல்லாம் வெள்ளை.

அவன் வீடு.

பின்னால் ஒரு காடி கத்தியது. அதற்கடுத்தது. அதற்கடுத்தது. ஜாகா ஏதோ மந்திரம்போல முணுமுணுத்துக்கொண்டு பின்வாங்கினார்.

யோகேந்திரன் ஓடினான். வேலியைச் சுற்ற மனமில்லை. ஏறிக் குதித்தான். உள்ளங்கை கிழிந்தது, வலிக்கவில்லை. கால்கள் யாருடையவையோ போல ஓடின. கதவைத் தள்ளினான்.

வெள்ளை வெளிச்சம் இல்லை.

தரையில் சின்னதாக ஒரு காமாட்சி விளக்கு. பயறளவு சுடர். அதற்குப் பக்கத்தில் பாயில் விமலா ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. எத்தனை நாளாக இல்லாத தூக்கம்.

தலைமாட்டில் புஷ்பவள்ளி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சத்தம் போடாதீங்க தம்பி. இப்பத்தான் கண்ணசந்தா."

"என்னக்கா இது? யாரு வெளக்கு?"

அவள் சுவரைப் பார்த்தாள். அவனும் பார்த்தான்.

படுத்திருந்த விமலாவின் நிழல். உட்கார்ந்திருந்த புஷ்பவள்ளியின் நிழல். கதவோரம் அவனுடைய நிழல்.

விமலாவுக்குப் பக்கத்தில், கூன் விழுந்து குந்தியிருந்தது இன்னொன்று.

அந்த இடத்தில் ஆள் இல்லை. வெறும் சிமெண்டுத் தரை.

அந்த நிழல் மெதுவாகக் குனிந்தது. விமலாவின் வயிற்று நிழலில் தலையை வைத்தது. தோள் வைத்தது. கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஒடுங்கியது.

சுவரில் மூன்று நிழல்கள்தான் மிச்சம்.

தூக்கத்திலேயே விமலா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். சேலைக்குள் பிள்ளை ஒரு புரண்டு புரண்டது வெளியே தெரிந்தது.

யோகேந்திரனுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஆனால் உடம்பில் எதுவும் அசையவில்லை. பயம்கூட எங்கோ தூரத்தில் நின்றுகொண்டிருந்தது.

புஷ்பவள்ளி குனிந்து, விமலாவின் நெற்றி வியர்வையை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். பிறகு, நாளைக்கு என்ன சமையல் என்று சொல்வதுபோலச் சொன்னாள்:

"எனக்குப் புள்ள இல்ல தம்பி. அவரு எங்க போய்ப் பொறப்பாரு? அந்த வீட்ட விட்டு நகர மாட்டேன்னாரு. அதான் ஒங்க கையாலயே எல்லாத்தையும் மூடி இருட்டாக்கச் சொன்னேன், இந்த வெளக்கு பின்னாலயே வந்துட்டாரு. கூப்புடாத வீட்டுக்கும் வர மாட்டாரு, நீங்கதான் கூப்புட்டீங்க."

சுடரைச் சுற்றிக் கையைக் குவித்துக்கொண்டாள்.

"கருமாதி அன்னிக்கு வெளக்க நான் அணைக்கவே இல்ல."