தண்ணீர் கேட்டவன்

சீல் வேட்டைக்காரர்களின் பழைய குடிலுக்கு நானும் என் மனைவியின் தம்பி குலுவும் வந்து சேர்ந்தபோது மதியம். சூரியன் எட்டிப் பார்க்காத மாதம், மதியமும் கும்மிருட்டுதான். நாய்களை வாசலில் கட்டிவிட்டு உள்ளே விளக்கை ஏற்றினோம். சுவரெல்லாம் பழைய சீல் கொழுப்பின் நாற்றம்.

என் மகன் உஸ்ஸக் நின்றிருந்த பனிப்பாளம் உடைந்து, அவனோடு கடலுக்குள் மிதந்து போய் ஆறு நாள். தேடிச் சலித்துவிட்டோம். மூன்று நாளுக்கு முன்பு ஊரில் அவன் மனைவி நயா ஆண் குழந்தை பெற்றிருந்தாள். இறந்தவனின் பெயரைப் பிறந்த குழந்தைக்கு வைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவன் ஆவி தாகத்தோடு வாசல் வாசலாக அலையும் என்பது எங்கள் நம்பிக்கை. நான்தான் பிடிவாதமாக வைக்க விடவில்லை. என் பிள்ளை செத்துவிட்டான் என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்?

வெளியே பனி நொறுங்கியது.

யாரோ காலை இழுத்து இழுத்து நடந்தார்கள்.

கதவை நகம் பிறாண்டியது.

"அப்பா... தண்ணி..."

பாய்ந்து எழுந்தேன். குலு என் இடுப்பைக் கட்டிக்கொண்டான்.

"கிறுக்கா உங்களுக்கு, அத்தான்?" என்று கிசுகிசுத்தான். "உசுரோட ஒருத்தன் வந்தா நாய் சும்மா இருக்குமா? ஒண்ணுகூடக் குரைக்கல பாருங்க!"

உண்மைதான். ஒரு நாயும் குரைக்கவில்லை.

"பேரு கிடைக்காம அலையுறான். குடுத்து அனுப்புங்க, பாவம்."

பையிலிருந்த பேசும் ரேடியோவை எடுத்து ஊரைக் கூப்பிட்டேன். "நயா, குழந்தைக்கு உஸ்ஸக்குனு பேரு வைம்மா."

அவள் வெடித்து அழுதாள். "அப்ப அவரு வரவே மாட்டாரா மாமா?"

ரேடியோவை அணைத்தேன்.

பிறாண்டல் நின்றது.

வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்தோம். வாசலில் உஸ்ஸக் கிடந்தான். கழுத்தில் கை வைத்தேன். சூடு இன்னும் முழுதாகப் போகவில்லை, மூச்சு மட்டும் போயிருந்தது. நாய்கள் அவன் முகத்தை நக்கிக்கொண்டிருந்தன. குட்டியிலிருந்து இறைச்சி ஊட்டி வளர்த்தவனைப் பார்த்து எந்த நாய் குரைக்கும்? பாவி எனக்கு அது தோன்றவில்லையே.

பனியில் பிணமாகத்தான் கிடைத்தான் என்று ஊரில் சொன்னோம். அடுத்த கோடையில் குலுவும் போய்ச் சேர்ந்தான். அந்தக் கதவின் கதை என்னோடு மட்டும் இருந்தது.

பேரனுக்கு இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை. அவன் சுமக்கும் பெயருக்காக எங்கள் வழக்கப்படி நான் அவனை மகனே என்றுதான் கூப்பிடுவேன். நேற்று என் மடியில் ஏறி உட்கார்ந்து, பிஞ்சுக் கையால் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினான். முதல் முறையாக வாய் திறந்தான்.

"ஏம்ப்பா திறக்கல?"