ரோஜாப் பாத்தியில் ஒரு மண்டையோடு

"ஐயோ... அந்தோனியாரே!"

லூர்தம்மாவின் அலறலில் கிராமமே திரும்பிப் பார்த்தது. கிராமம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை... டென்மார்க்கின் ஓகூஸ் நகருக்கு வெளியே ஒரு தேவாலயம், ஒரு பஸ் தரிப்பிடம், நிறையப் பன்றிகள்.

இயந்திரம் தோண்டிய பள்ளத்தில் ஒரு மண்டையோடு!

வீடு கட்டுமுன் மண்ணைக் கிண்டிப் பார்க்க மியூசியம் அனுப்பிய மிரியம், டென்மார்க்கில் பிறந்த தமிழ்ப் பெண், சந்தோஷத்தில் குதித்தாள்.

"அங்கிள்! இரும்புக் காலமா இருக்கலாம்!"

காணிக்காரர் பஸ்தியாம்பிள்ளை, லூர்தம்மாவின் கணவர், விரல்விட்டு நாள் எண்ணினார். வருகிற ஞாயிறு அத்திவாரக்கல்! கனடாவிலிருந்து அண்ணன் டிக்கெட்டும் எடுத்தாயிற்று.

"பிள்ளை... பழசெண்டால் என்ன செய்வியள்?"

"முழுக் காணியும் கிண்டுவம். வீடு அடுத்த வருசம் பாக்கலாம்."

"புதுசெண்டால்?"

"பொலிஸ் வந்து கெதியா எடுத்துக்கொண்டு போயிடும்."

மாதாவே... இது கொலையாக இருக்கட்டும்! இப்படி மனதார ஜெபித்த முதல் கத்தோலிக்கர் அவராகத்தான் இருப்பார்.

வேலிக்கு அப்பால் காப்பிக் கோப்பையோடு பிரெபன் நின்றார். பக்கத்து வீட்டுக் கிழவர். மனைவி இங்கர் எப்போதோ ஸ்பெயினுக்கு ஓடிவிட்டாளாம். போன மாதம் எல்லை அளந்தபோது, அவருடைய ரோஜாப் பாத்தி பஸ்தியாம்பிள்ளையின் காணிக்குள் வந்துவிட்டது. இப்போது பள்ளம் தோண்டியதும் அதே இடத்தில்தான். அன்றிலிருந்து மனுஷனுக்குத் தூக்கமில்லை.

"பழசுதான்! நிச்சயம் இரும்புக் காலம்!" என்று டேனிஷில் கத்தினார்.

"வாயை மூடிக்கொண்டு நில்லனடா..." பஸ்தியாம்பிள்ளை தமிழில் பல்லைக் கடித்தார்.

மிரியம் தூரிகை எடுக்கத் திரும்பினாள்.

ஒரே விநாடி!

வழுக்கைத் தலையானாலும் சீப்பில்லாமல் வெளிக்கிடாத மனிதர் பஸ்தியாம்பிள்ளை. சட்டைப் பையிலிருந்து அதை உருவி, மண் பூசி, மண்டையோட்டுக்குப் பக்கத்தில் செருகினார்.

"அங்கிள்... பிளாஸ்டிக் சீப்பு!" மிரியம் தூக்கிக் காட்டினாள்.

"அப்ப இது கொலை!" பஸ்தியாம்பிள்ளை ஊருக்கே கேட்கும்படி டேனிஷில் முழங்கினார். "புருஷன்தான் மனைவியைக் கொன்று புதைத்திருக்கிறான்!"

டணார்!

பிரெபனின் கோப்பை நொறுங்கியது.

"இங்கருடைய சீப்பு..." கிழவர் முழங்காலில் விழுந்தார். "நான்தான்... நான்தான் கொன்றேன்! உனக்கு எப்படித் தெரிந்தது?"

பஸ்தியாம்பிள்ளை தன் வெறும் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

பொலிஸ் வந்தது. பிரெபன் போனார். சனிக்கிழமை இங்கரும் பெட்டியில் போனாள். பாவம், அவளுக்காக லூர்தம்மா அழுதுகொண்டே மெழுகுதிரி கொளுத்தினாள்.

பஸ்தியாம்பிள்ளையோ நிம்மதியாக அண்ணனுக்கு போன் போட்டார். "அண்ணை... எல்லாம் முடிஞ்சுது! வாங்கோ!"

அப்போதுதான் பள்ளத்துக்குள்ளிருந்து ஒரு கூச்சல்!

"அங்கிள்! இங்கருக்குக் கீழ இரும்புக் காலத்து வீடு! முழு வீடு!"

"என்னடா அங்க சத்தம்?" போனில் அண்ணன்.

லூர்தம்மா போனைப் பறித்தாள்.

"அத்தான்... காணியில வீடு இருக்குதாம். எங்களுக்கு முந்தியே ஆரோ குடிபுகுந்திட்டினமாம்!"