மொட்டைமாடிக்குப் போகாத சூடு

ஜோர்டானின் அம்மான் நகரில், ஜோஃபா மேட்டில் இருந்த அந்த வாடகைக் குடியிருப்புக்கு அரீஜ் வந்து சேர்ந்தபோது உச்சிவேளை. படிகளில் பனி இன்னும் கரையவில்லை.

பல குடும்பங்கள் சேர்ந்திருக்கும் அந்தக் கட்டடத்தைக் குறைந்த செலவில் சூடாக்க வழி வகுத்த இன்ஜினியர் அவள்தான். கீழே ஒரே பாய்லர். அதிலிருந்து வெந்நீர்க் குழாய் ஒவ்வொரு வீட்டு ரேடியேட்டருக்கும் போயிற்று. சூடு வெளியே கசியாமலிருக்க எல்லாச் சன்னல் இடுக்குகளையும் ரப்பர் பட்டையால் அடைத்திருந்தாள்.

மொட்டைமாடி அறைக்கு மட்டும் குழாய் போகவில்லை. அங்கே அபக்கர் இருந்தான். சூடான் நாட்டு டார்ஃபூரிலிருந்து வந்தவன், கார் கழுவும் வேலை.

வேலை தொடங்குமுன் கூடிய கூட்டத்தில் அவன் தயங்கித் தயங்கித்தான் கேட்டான்.

"இன்ஜினியரம்மா, என் ரூமுக்கும் குழாய் வருமா?"

கீழ்வீட்டு உம் நாஜி முந்திக்கொண்டாள். "உனக்கெதுக்குடா? உங்க ஊரு வெயிலு இன்னும் உன் உடம்புல மிச்சம் இருக்குமே!"

எல்லோரும் சிரித்தார்கள். அரீஜும் சிரித்தாள்.

"அடுத்த வருஷம் பாக்கலாம் அபக்கர்" என்றாள். அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் ஏற்ற வேறு பம்பு வேண்டும், கணக்கு இடிக்கும் என்று நினைத்தாள். ஆனால் வேலை நடந்தபோது அவன் சன்னல் இடுக்கை மட்டும் மறக்காமல் ரப்பரால் அடைத்துவிட்டுப் போனாள்.

பனி கொட்டிய வாரத்தில் அபக்கர் ஒரு தகர டின்னில் கரி மூட்டி வைத்துக்கொண்டு படுத்தான். புகை போக வழியில்லை. பிறகு அவன் எழவேயில்லை.

அவனை அடக்கம் செய்த நாளிலிருந்து கட்டடம் குளிர ஆரம்பித்தது. அதைப் பார்க்கத்தான் அரீஜ் இப்போது வந்திருந்தாள்.

உம் நாஜி கம்பளியைப் போர்த்திக்கொண்டு கதவைத் திறந்தாள். வாயிலிருந்து ஆவி வந்தது.

"பாய்லர் நல்லாத்தான் எரியுது மகளே. குழாயைத் தொட்டா சுடுது. வீடு மட்டும் ஐஸ் மாதிரி கெடக்கு." குரலைத் தாழ்த்தினாள். "சூட்டை யாரோ உறிஞ்சுறாங்க."

அரீஜ் வெப்பக் கேமராவை எடுத்தாள். சூடு சிவப்பாகவும் குளிர் நீலமாகவும் தெரியும் கருவி அது. ரேடியேட்டர் திரையில் சிவந்து தெரிந்தது. அதற்கு முன்னால் கருநீலமாக ஏதோ ஒன்று.

உற்றுப் பார்த்தாள்.

முழங்காலைக் கட்டி உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள்.

கேமராவை விலக்கினாள். தரையில் பாய் மட்டும்தான் இருந்தது.

மறுபடி வைத்தாள். இரண்டு கைகளும் ரேடியேட்டரை நோக்கி நீண்டிருந்தன.

மெல்லக் கரிப்புகை நாறியது.

அடுத்த வீட்டிலும் பார்த்தாள். அங்கேயும் அதே முதுகு, அதே நீட்டிய கைகள். அதற்கு மேல்வீட்டிலும்.

அங்கே அது தலையைத் திருப்பியது.

அரீஜுக்குப் பயத்துக்கு முன்னால் வந்தது வெட்கம். அந்தக் குளிரிலும் முகம் எரிந்தது. பின்னாலேயே வந்த உம் நாஜி திரையை எட்டிப் பார்த்து முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அல்லாஹ் மேல ஆணையா, நான் வெளையாட்டுக்குத்தான் சொன்னேன்..."

"நானும் சிரிச்சேனே, உம் நாஜி."

மறுநாளே மொட்டைமாடிக்குக் குழாய் ஏறியது. குடியிருந்தவர்களே தலைகுனிந்தபடி குழாய்களைச் சுமந்து வந்தார்கள். சன்னல் ரப்பரை அரீஜ் தன் நகத்தாலேயே பிய்த்தெடுத்தாள். வேறு பம்புகூடத் தேவைப்படவில்லை. இருந்ததே போதுமாக இருந்தது. உயிரோடு இருந்தவனுக்கு இடித்த கணக்கு, செத்தவனுக்கு ஒரே பகலில் சரியாகிவிட்டது. அதை அவளால் யாரிடமும் சொல்ல முடியவில்லை.

அன்று மாலையே எல்லா வீடுகளும் சூடாயின. மேலறையைப் பூட்டி, சாவியை அரீஜே வைத்துக்கொண்டாள்.

சில நாள் கழித்து, குழாய் கசிகிறதா என்று பார்க்கப் போனாள். பூட்டு அப்படியே இருந்தது. திறந்தாள். அறை இதமாக இருந்தது. தரைத் தூசியில் புதிதாக ஒரு காலடித் தடமும் இல்லை.

ரேடியேட்டரின் மேல் இரண்டு கம்பளிக் காலுறைகள் காயப்போடப்பட்டிருந்தன.

அவற்றிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. நுனியிலிருந்து சோப்புத் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.