அறுபத்தைந்தாம் நோயாளி

"அய்யோ... நர்ஸம்மா!"

படகு தள்ள வந்தவன் போட்ட அலறலில், கரையில் இருந்த பறவைகள் மொத்தமாக எழுந்து பறந்தன.

காலை ஆறே கால். அலை கொண்டுவந்து போட்ட உடல் ஈர மணலில் கிடந்தது. நீல யூனிஃபார்ம். ஒரு காலில் மட்டும் செருப்பு.

ஏழு மணிக்குள் அங்கே இரண்டு ஆய்வாளர்கள் வந்து சேர்ந்தார்கள்.

ஒருவர் காவல் ஆய்வாளர். அதாவது, இன்ஸ்பெக்டர்.

இன்னொருத்தி, கிராமங்களிலும் கடலோரத்திலும் மனநல சேவை எந்த லட்சணத்தில் நடக்கிறது என்று ஆராய வந்தவள். நகரத்துப் பல்கலைக்கழகம். தோளில் பை. பை நிறைய கேள்வித்தாள். ஊர்க்காரர்கள் வைத்த பெயர்... சர்வே மேடம்.

பிணத்தின் முகத்தைப் பார்த்ததும் அவள் இன்ஸ்பெக்டரிடம் ஓடினாள்.

"சார்... இன்னிக்கு பத்து மணிக்கு இவங்களைப் பாக்கறதா இருந்தேன். ரெண்டு நாள் பேட்டி முடிஞ்சுது. மூணாவது நாள் பாக்கி..."

"பாக்கி பாக்கியாவே போச்சு," என்றார் இன்ஸ்பெக்டர்.

"என்ன சார் ஆச்சு?"

"கொலை! கொலைகாரனையும் பிடிச்சாச்சு. மத்தியானத்துக்குள்ள கேஸை மூடிடுவேன்."

ஜீப்பைக் காட்டினார். பின் சீட்டில் விலங்கோடு ஒருவன். ஒல்லி உடம்பு, நரைத்த தாடி.

சர்வே மேடம் திடுக்கிட்டாள். அது... ரேடியோ!

அந்தக் கரையில் அவனைத் தெரியாதவர் கிடையாது. காலையில் கண் விழித்ததிலிருந்து வாய் ஓயாமல் செய்தி வாசிப்பவன்.

"முக்கியச் செய்தி!" ஜீப்புக்குள்ளிருந்து குரல் வந்தது. "ரேடியோ கைது செய்யப்பட்டார்! கை வலிப்பதாகத் தகவல்!"

"நர்ஸோட பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். பொணத்துக்கு அம்பதடி தூரத்துல! வேற என்ன வேணும்?"

"சார், இவர் என் ஆய்வுல பதினேழாவது நபர். பதினொரு வருஷமா இந்த நோய். ஒரு ஈயைக்கூட அடிச்சதில்ல. மாசாமாசம் நர்ஸம்மாதான் ஊசி போடுவாங்க."

"பைத்தியத்துக்குக் காரணம் வேணுமா மேடம்?"

"அந்த வார்த்தை வேணாம் சார்!"

"சரி. இவன் சாதுன்னு ஒரு மனநல டாக்டர் எழுதிக் குடுக்கட்டும். விட்டுடறேன்."

அவள் அலைபேசியை எடுத்தாள். மூன்று இடங்களுக்குப் பேசினாள். இருபது நிமிடம். மூன்றாவது அழைப்பு முடிந்தபோது முகம் செத்திருந்தது.

"இங்க டாக்டர் போஸ்ட் நாலு வருஷமா காலி. பக்கத்து டாக்டர் நூத்தி நாப்பது கிலோமீட்டர். அஞ்சு வாரம் கழிச்சுதான் நேரம் தருவாராம்..."

"அப்ப அஞ்சு வாரத்துக்கு இவன் கொலைகாரன்தான்!"

ஜீப் கிளம்பியது. விடாமல் அவளும் ஏறிக்கொண்டாள்.

ஸ்டேஷன்.

உப்புக் காற்றில் பெயர்ந்த சுவர். சுவரில் வெளுத்துப்போன ஒரு சுவரொட்டி. பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஒரு பெண். 'மனசு சரியில்லையா? அழையுங்கள்! இருபத்து நாலு மணி நேரமும்!' கீழே ஒரு எண்.

மேசைமேல் நர்ஸின் பையைக் கவிழ்த்தார் இன்ஸ்பெக்டர். மாத்திரை அட்டைகள். ஊசி. ஒரு ரப்பர் ஸ்டாம்ப். தடிமனான பதிவேடு. நர்ஸின் ஃபோன்.

"இது என்ன ஸ்டாம்ப்?"

"'டாக்டர் பணியிடம் காலி.' ஒவ்வொரு நோயாளிக்கும் கையால எழுதி எழுதி விரல் வலிக்குதுன்னு சொந்தமா செஞ்சு வெச்சுக்கிட்டாங்க. முப்பத்தெட்டு கிராமம் சார். ஒரே நர்ஸ். ஒம்பது வருஷமா தற்காலிகம்."

பதிவேட்டைப் புரட்டினாள். அறுபத்து நாலு நோயாளிகள் அவளுக்கு மனப்பாடம்.

கடைசிப் பக்கம்.

அவள் விரல் நின்றது.

"சார்... அறுபத்தஞ்சாவதா ஒருத்தங்க இருக்காங்க!"

"யாரு?"

அவள் படித்தாள். குரல் ஒவ்வொரு வரிக்கும் இறங்கிக்கொண்டே போனது.

"பெண். வயசு நாப்பத்தொண்ணு. தனியா இருக்காங்க. மூணு மாசமா தூக்கமில்ல. பசியில்ல. காரணமில்லாம அழுகை. உடனே டாக்டர்கிட்ட அனுப்பணும்..."

அதன்மேல் பளிச்சென்று ஸ்டாம்ப். டாக்டர் பணியிடம் காலி!

"வேலை... என்ன வேலைன்னு போட்டிருக்கு?"

"நர்ஸ்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

ஃபோனை எடுத்து நேற்றைய அழைப்புகளைத் தேடினார். சாயங்காலம் ஐந்தரையிலிருந்து ஆறுக்குள் ஒரே எண்ணுக்கு ஏழு தடவை. ஏழும் கிடைக்கவில்லை.

எண்ணைப் பார்த்தார். சுவரொட்டியைப் பார்த்தார். இரண்டும் ஒன்று!

"உதவி எண்ணுக்குத்தான் பேசப் பாத்திருக்காங்க! எந்தச் சோம்பேறி எடுக்கல? இப்பவே பிடிக்கறேன் அவனை!"

தன் ஃபோனில் அந்த எண்ணை ஆத்திரமாக அழுத்தினார்.

மணி அடித்தது.

அவருடைய இன்னொரு கையில்!

நர்ஸின் ஃபோன் அதிர்ந்துகொண்டிருந்தது.

"உதவி எண்ணை இவங்க ஃபோனுக்கே திருப்பி விட்டிருக்காங்க சார்," என்றாள் சர்வே மேடம். "மொத்த ஏரியாவுக்கும் எடுத்துப் பேசறது இவங்க ஒருத்தர்தான். இவங்க ஃபோன்லேருந்தே கூப்பிட்டா... பிஸின்னுதான் வரும். அது தெரிஞ்சும் ஏழு தடவை..."

தன் கேள்வித்தாள் கட்டைப் புரட்டினாள். இரண்டு நாளில் நாற்பத்தாறு கேள்விகள் கேட்டிருந்தாள். மருந்து வருகிறதா? பஸ் வருகிறதா? நோயாளிகள் வருகிறார்களா?

'நீங்க எப்படி இருக்கீங்க அக்கா?'

அது மட்டும் எந்தத் தாளிலும் இல்லை.

இன்ஸ்பெக்டர் ரேடியோவின் எதிரில் போய்க் குந்தினார். குரல் மாறியிருந்தது.

"நேத்து என்னப்பா நடந்துச்சு?"

"மாலைச் செய்திகள். நர்ஸம்மா ரேடியோவுக்கு ஊசி போட்டார். மூன்று மாத மாத்திரை கொடுத்தார். பையைப் பத்திரமாகப் பிடி என்றார். கடலுக்குள் நடந்தார். ரேடியோவுக்கு நீச்சல் தெரியாது."

"ஏன்டா யார்கிட்டயும் சொல்லல?"

முதல் தடவையாக அந்தக் குரல் செய்தியிலிருந்து இறங்கியது.

"சொன்னேன் சார். கரையில போற வர்ற எல்லார்கிட்டயும் சொன்னேன். கத்திக் கத்திச் சொன்னேன். ரேடியோ செய்தி வாசிக்கிறான்னு சிரிச்சுக்கிட்டே போயிட்டாங்க."

இன்ஸ்பெக்டர் விலங்கைக் கழற்றினார்.

"கொலை இல்ல மேடம்."

"கொலைதான் சார். யார் பேரை எழுதறதுன்னுதான் தெரியல."

சர்வே மேடம் மனநலத் திட்ட அலுவலருக்கு ஃபோன் போட்டாள். அவர் 'ச்சுச்சு' கொட்டினார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பதினைந்து விநாடி!

"சார், ரேடியோவுக்கு அடுத்த மாச ஊசி யார் போடுவா? மத்த அறுபத்து மூணு பேருக்கு?"

"விளம்பரம் குடுப்போம்மா. ஆள் வர ஒரு வருஷம், ரெண்டு வருஷம்... அது இருக்கட்டும், உதவி எண் ஒரு நாள்கூட நிக்கக் கூடாது. மேலிடத்துல கேப்பாங்க. உங்க நம்பருக்குத் திருப்பி விடறேன். தற்காலிகமாத்தான்!"

"சார், நான் ஆராய்ச்சி பண்ண வந்தவ..."

லைன் துண்டிக்கப்பட்டது.

ஸ்டேஷன் படியில் உட்கார்ந்தாள். கேள்வித்தாள் கட்டு மடியில் கனத்தது. அழக்கூடத் தோன்றவில்லை.

பத்து நிமிடம்கூட ஆகவில்லை... மணி அடித்தது!

தெரியாத எண்.

"ஹலோ?"

"உதவி எண்தானே?" ஓர் ஆணின் தாழ்ந்த குரல். "பேர் சொல்லணுமா?"

"வேணாம். சொல்லுங்க."

"ஆறு வருஷமா இந்தக் கரையில ஒதுங்கற பொணத்தையெல்லாம் நான்தான் புரட்டிப் பாக்கறேன். இப்ப வீட்ல... என் பொண்ணு குப்புறப் படுத்துத் தூங்கினாகூட ஓடிப் போய்ப் புரட்டிப் பாக்கறேங்க. தெனம். அவ பயந்துபோய் அழறா. நிறுத்த முடியல..."

அவள் விறைத்தாள்.

அந்தக் குரல் வலது காதில் ஃபோனிலிருந்து வந்தது. இடது காதிலும் வந்தது... ஜீப்புக்குப் பின்னாலிருந்து!

எழுந்து போய்ப் பார்த்தாள்.

ஜீப்பின் பின்படியில், தொப்பி இல்லாமல், ஃபோனைக் காதில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார் இன்ஸ்பெக்டர். நிமிர்ந்தார். அவள் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார். புரிந்துவிட்டது.

ஆனால் துண்டிக்கவில்லை. சிவந்த கண்களைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, ஃபோனிலேயே சொன்னார்.

"நர்ஸம்மாவுக்குப் பதிலா யாரையாவது போட்டிருப்பாங்கன்னுதான் அடிச்சுப் பாத்தேன். முதல் தடவையே லைன் கிடைச்சப்பவே சந்தேகப்பட்டேன் மேடம்... கவர்மென்ட் நம்பராச்சே!"