தொண்டையில் கரும்புச் சக்கை

தண்ணீர் டம்ளரைக் கண்டாலே அலறிய மருதையன், செவ்வாய்க்கிழமை விடியலில் ஆஸ்பத்திரியில் இறந்தார். வெறிநோய். உடம்பில் நாய்க்கடி ஒன்றுகூட இல்லை.

மறுநாள் காலை பத்து மணி. தருமபுரத்தில் அவர் வீட்டு வாசல். கால்நடை நோய்க் கண்காணிப்பு மருத்துவர் சுஹைனா, பங்குனி வெயிலில் கண்ணீர் அஞ்சலி பேனரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மாட்டுப்பொங்கலன்று எடுத்த படம். கொம்பில் வண்ணம் பூசிய வெள்ளைப் பசு. பக்கத்தில் இடது கையில் மாவுக்கட்டோடு சிரிக்கும் மருதையன்.

"நாய்தான் மேடம். தெருவுல திரியிற அத்தனையையும் பிடிக்கச் சொல்லிட்டேன்," என்றார் சுகாதார ஆய்வாளர் மணிபாரதி. எது நடந்தாலும் முதலில் மாட்டுவது நாய்தான், பாவம்.

"கடிச்ச இடம் எங்கங்க?"

மணிபாரதி கையிலிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டைப் புரட்டினார். சுஹைனாவே தொடர்ந்தாள்.

"எப்படி வந்துச்சுன்னு தெரியணும். அதே வழியில இன்னொருத்தருக்கும் வந்திருக்கலாம். அறிகுறி தெரியறதுக்குள்ள ஊசி போட்டா பொழைச்சுக்கலாம். தெரிஞ்சுட்டா மருந்தே கிடையாது."

உள்ளே மருதையனின் மனைவி அஞ்சுகம், மணிக்கட்டைச் சொறிந்தபடி சுவரில் சாய்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக் காசியம்மா கொண்டுவந்த காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

"நேத்துலேருந்து ஒரு வாய் உள்ள போவல. துக்கம் தாங்கல," என்றாள் காசியம்மா.

சுஹைனா அஞ்சுகத்தின் எதிரே உட்கார்ந்தாள். "மாடு எங்கம்மா?"

"செத்துப்போச்சு. பொங்கல் முடிஞ்ச கையோட."

"எப்படி?"

"தீனி எடுக்கல. எச்சி ஒழுகுது. ராப்பவலா அடித்தொண்டையில கத்துச்சு. கழுத்துல கட்டுன கரும்பைத் தின்னு சக்கை சிக்கிக்கிச்சுன்னு, அவங்க கையை விட்டுத் துழாவுனாங்க."

"சக்கை வந்துச்சா?"

"இல்ல."

"கையில காயம்?"

"கடவாப்பல்லு சிராய்ச்சிருந்துச்சு. மஞ்ச வச்சோம்."

"மாடு செத்ததை எங்க ஆபீசுக்குச் சொல்லலையே."

"தென்னமரத்தடியில பொதச்சிட்டோம். செத்த மாட்டை யாருகிட்டங்க போயி சொல்றது?"

சுஹைனாவுக்கு எரிச்சல் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. அன்றைக்கு ஒரு போன் வந்திருந்தால் இந்த வாசலில் பேனரே இருந்திருக்காது.

"குற்றவாளி அந்த மாடுதான்," என்றாள் மணிபாரதியிடம். "நாயோ நரியோ முன்னாடியே அதைக் கடிச்சிருக்கு. வெறிநோய் வந்த மாட்டால விழுங்க முடியாது. அதான் எச்சி ஒழுகுச்சு. அந்த எச்சிதான் சிராய்ப்பு வழியா அவருக்குள்ள போயிருக்கு. பொங்கல் நேரம், பாக்கிறவங்களுக்குக் கரும்புன்னுதான் தோணும்."

"அப்ப கேஸ் முடிஞ்சுது," என்று மணிபாரதி எழுந்தார்.

"முடியலிங்க. மாட்டு வாயில கையை விடணும்னா, ஒரு கை நாக்கை வெளியே இழுத்துப் பிடிக்கணும். இன்னொரு கைதான் உள்ள போகும். வாசல்ல பேனரைப் பாருங்க. அவருக்கு அன்னைக்கு இருந்தது ஒரு கைதான்."

மணிபாரதி வாசலைப் பார்த்தார். சுஹைனா அஞ்சுகத்தின் மணிக்கட்டைப் பார்த்தாள். ஆறிப்போன பழைய சிராய்ப்பைச் சுற்றித் தோல் சிவந்திருந்தது. கேட்கவே பயமாக இருந்தது. கேட்டாள்.

"நாக்கைப் பிடிச்சது யாரும்மா?"

"நாந்தான்."

"இந்த அரிப்பு?"

"நாலு நாளா இருக்கு."

சுஹைனா காப்பியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். துக்கமாகவே இருந்துவிடட்டும் என்று மனசு கெஞ்சியது. "ஒரே ஒரு வாய் குடிங்கம்மா."

அஞ்சுகம் டம்ளரை உதடுவரை கொண்டுபோனாள். கழுத்து வெட்டி இழுத்தது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"முடியல டாக்டரம்மா. தொண்டையில என்னமோ சிக்கிக்கிட்டாப்பல இருக்கு."